குமாசியில் ஆள் பிடித்த பிராகோ

குமாசி நகரின் கெஜெட்டியா சந்தையில் பிராகோவின் கடைக்கு வழி கேட்டால், "ஒரு செருப்பைப் போட்டுக்கிட்டு ஜோடிச் செருப்பு விப்பாளே, அவ கடையா?" என்று கை காட்டுவார்கள். வெளிநாட்டிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் பழைய ஷூக்களைப் பிரித்து, துடைத்து, அடுக்கி விற்பது அவள் தொழில். அவளிடம் ஒரு தனி வாடிக்கைக் கூட்டம் உண்டு. வலது கால் இல்லாதவனும் இடது கால் இல்லாதவனும் சேர்ந்தே வருவார்கள். இருவருக்கும் ஒரே அளவு. ஒரு ஜோடியை வாங்கி ஆளுக்கொன்றாக மாட்டிக்கொண்டு போவார்கள். நிறத்தில்தான் தகராறு வரும். ஒருவனுக்குச் சிவப்பு வேண்டும், மற்றவனுக்குக் கறுப்பு.

"புருஷன் பொண்டாட்டிகூட இப்படி அடிச்சுக்க மாட்டாங்கடா. சீக்கிரம் முடிவு பண்ணுங்க, வெயில் ஏறுது" என்பாள் பிராகோ.

அவளுடைய இடது கால் பத்தொன்பது வயதில் போனது. ஊருக்கு வெளியே ஆள் ஏற்றும் ட்ரோட்ரோ வேன் ஒன்று கவிழ்ந்ததில் முட்டிக்கு மேல் எடுக்க வேண்டியதாகிவிட்டது. குடும்பம் கூடி விசாரித்தது. அத்தைதான் சூனியம் வைத்தாள் என்று தீர்ப்பும் வந்தது. பிரேக் இல்லாத வண்டியை ஓட்டியவனை ஒருவரும் கேட்கவில்லை. அந்த வண்டியைச் சாலையில் விட்டுக் காசு பார்த்த முதலாளியையும் கேட்கவில்லை. பாவம், குழந்தையில்லாத ஒரு கிழவியைத்தான் கேட்டார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி பிராகோ கத்தினாள்: "அத்தைக்கு வண்டி ஓட்டவே தெரியாதேப்பா!" அன்று தொடங்கிய வாய், இன்றுவரை ஓயவில்லை.

அந்த வாயை வைத்துத்தான் குமாசி ஊன்றுகோல் கால்பந்து அணியை அவள் நடத்திவந்தாள். களத்தில் ஓடுகிறவர்களுக்கு ஒரு கால், இரண்டு ஊன்றுகோல். கோல்கீப்பருக்கு இரண்டு கால், ஒரு கை. ஞாயிற்றுக்கிழமைகளில் அசாவாசி மைதானத்தில் பயிற்சி நடக்கும். சர்ச்சிலிருந்து திரும்புகிறவர்கள் வேலியோரம் நிற்பார்கள், கண் கலங்குவார்கள், பிறகு களத்துக்குள் சில்லறையை வீசுவார்கள். பந்தைத் துரத்திப் போகிறவனின் ஊன்றுகோல் நாணயத்தில் பட்டு வழுக்கும். ஒருமுறை மிக அழகான கோல் ஒன்று விழுந்தது. வேலியோரம் ஒரு பெண்மணி, "கடவுளே, இவர்களுக்கு இரங்கும்" என்று அழுதாள். கோல் அடித்தவன் பிராகோவிடம் வந்து, "அக்கா, அந்தம்மா எதிர் டீமா?" என்று கேட்டான்.

பிராகோவுக்கு ஒரே ஆசைதான். இந்த ஊரில், இந்த ஆட்டத்துக்கு, வாசலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு சனங்கள் உள்ளே வர வேண்டும். இரக்கத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்து, தவறான பாஸ் கொடுத்தவனைத் திட்ட வேண்டும்.

அதற்கு வழி பிறந்தது. மேற்கு ஆப்பிரிக்க எட்டு நாடுகளின் கோப்பைப் போட்டியை குமாசியில் நடத்தலாம் என்று டாக்கரிலிருந்த ஊன்றுகோல் கால்பந்து சம்மேளனம் சொன்னது. அதன் செயலாளர் செய்னபு அம்மையார் போனில் ஒரு நிபந்தனை போட்டார். போட்டியை நடத்த ஏழு பேர் கொண்ட ஒரு நிர்வாகக் குழு வேண்டும், அந்த ஏழு பேருக்கும் சம்பளம் கிடையாது, தொண்டு மட்டும்தான். "மாசக் கடைசி திங்கட்கிழமை நானே வந்து பார்ப்பேன். குழு இல்லேன்னா போட்டி லாகோசுக்குப் போயிடும்" என்றார்.

எங்கே வேண்டுமானாலும் போகட்டும், லாகோசுக்கா? தக்காளிச் சோறு யாருக்கு நன்றாகச் சமைக்க வரும் என்பதிலேயே நைஜீரியாக்காரர்களோடு நமக்குத் தீராத வழக்கு இருக்கிறது.

நம் ஊரில் பெரிய மனிதர்களை வேலை நாளில் பிடிக்க முடியாது. கூட்டத்தில் இருப்பார்கள், அல்லது கூட்டத்தில் இருப்பதாகச் சொல்லச் சொல்லியிருப்பார்கள். துக்கச் சடங்கெல்லாம் சனிக்கிழமைதான். அன்றைக்குச் சாவு வீட்டில் பிடிக்கலாம். கறுப்பும் சிவப்புமாகத் துணி போர்த்தி, பந்தலுக்கடியில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வருகிறவர்கள் வலப்பக்கம் தொடங்கி ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துக்கொண்டே போக வேண்டும். யாரும் எழுந்து ஓட முடியாது.

பிராகோவின் உத்தி எளிமையானது. வலது ஊன்றுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு பெரியவரின் கையைப் பிடிப்பாள், பிடித்ததும் கொஞ்சம் சாய்வாள். இப்போது அவர் கையை விட்டால் அவள் விழுவாள். சாவு வீட்டில் ஒற்றைக்கால் பெண்ணைத் தள்ளிவிட்டவர் என்ற பேரை யார் வாங்குவார்? பின்னால் வரிசை நிற்கும். அவள் விஷயத்தைச் சொல்லி முடிப்பாள்.

கோல்கீப்பர் அன்ட்வியும் கூட வந்தான். மர அறுவை ஆலையில் வலது கையைக் கொடுத்துவிட்டு, நஷ்ட ஈடாக ஒரு மூட்டை அரிசியை வாங்கிக்கொண்டு வந்தவன் அவன். அவனை அவள் பந்தலுக்கு வெளியே, அலறுகிற பாட்டுப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தாள். அவனுக்கு இருப்பது இடது கை மட்டும். நம் ஊரில் இடது கையை நீட்டினால் அது அவமதிப்பு.

முதல் பெரியவர் நானா அம்பாஃபோ ஒரு குறுநிலத் தலைவர். "குழுவில உறுப்பினரா இருங்க, நானா" என்றாள். நானா வானத்தைப் பார்த்தார். உடனே அவளுக்குத் தன் தவறு புரிந்தது. நம் ஊரில் பெயர் சூட்டு விழாவுக்குக்கூடத் தலைவர் வேண்டும். உறுப்பினர் என்றால் நாற்காலி தூக்குகிறவன் என்று அர்த்தம். "அதாவது, தலைவரா இருங்க" என்றாள். நானாவின் முகம் மலர்ந்தது.

இந்தச் சொல்லில் இத்தனை மந்திரமா என்று பிராகோவுக்கே ஆச்சரியம். அடுத்தவரிடமும் அதையே சொன்னாள். இரண்டே சனிக்கிழமைகளில் ஏழு பேர் சேர்ந்துவிட்டார்கள்: நானா, ஒரு வட்டார மன்ற உறுப்பினர், ஒரு கட்டட ஒப்பந்தக்காரர், தீர்க்கதரிசி ஒபெங், இன்னும் மூன்று பேர். முதல் கூட்டத்தில் உட்கார்ந்து பேசினால் தாங்களே ஒருவரைத் தேர்ந்துகொள்வார்கள் என்று நினைத்தாள்.

முதல் கூட்டத்துக்கு ஒரு பள்ளிக்கூடத்தின் கூடத்தைக் கேட்டு வாங்கியிருந்தாள். மேடையில் வெள்ளைத் துணி விரித்த மேசை, நடுவில் தலைவருக்கென்று ஒரு பெரிய சோபா. நேரம் கடந்தும் உள்ளே ஒருவரும் இல்லை. அன்ட்வி வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"அக்கா, ஏழு காரும் வந்தாச்சு. எல்லாம் மாமரத்தடியில ஏசி போட்டுக்கிட்டு நிக்குது. ஒருத்தரும் இறங்கல."

"ஏன்டா?"

"தலைவர்தானே கடைசியா வரணும்? ஒவ்வொருத்தரும் மத்தவங்க உள்ள போகட்டும்னு காத்திருக்காங்க."

கடைசியில் ஒப்பந்தக்காரரின் காரில் பெட்ரோல் தீரும் நிலை வந்தது. அவர் இறங்கினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். எல்லோர் சட்டைப் பையிலும் ஏற்புரை இருந்தது. எல்லோரும் அந்த ஒரு சோபாவை நோக்கியே நடந்தார்கள்.

"இந்தம்மா என் கையைப் பிடிச்சு, நீங்கதான் தலைவர்னு சொல்லிச்சு" என்றார் நானா.

"என் கையையும்தான் பிடிச்சுது!" என்றார் ஒப்பந்தக்காரர்.

"எனக்கும் சொல்லிச்சு!" என்றார் இன்னொருவர்.

அன்ட்வி அவள் காதருகே குனிந்தான். "ஏழு ஆம்பளைங்க கையைப் பிடிச்சிருக்கே அக்கா. ஊர்ல இனிமே உன் பேர் என்ன ஆகுமோ."

வட்டார உறுப்பினர் மட்டும் வேறொரு கேள்வி கேட்டார். "சரி, யாரோ தலைவர். உட்கார்றதுக்குப் படி எவ்வளவு?"

"இது தொண்டு ஐயா. படி கிடையாது."

"படியில்லாம எதுக்கும்மா உட்காரணும்?" என்று உண்மையான குழப்பத்தோடு கேட்டுவிட்டு, அவர் காருக்குத் திரும்பினார்.

தீர்க்கதரிசி ஒபெங் கையை உயர்த்தி அமைதிப்படுத்தினார். "சண்டை வேண்டாம். எல்லாச் செலவும் என் சபை ஏத்துக்கும். என்னைத் தலைவராக்குங்க. தொடக்க விழாவிலேயே, டிவி முன்னால, எட்டு நாட்டு ஆட்டக்காரங்களையும் நான் குணமாக்கறேன்."

பிராகோ மரியாதையாகக் கேட்டாள்: "தீர்க்கதரிசி ஐயா, குணமாயிட்டா அவங்க எப்படி விளையாடுவாங்க? ரெண்டு கால் உள்ளவன் களத்துக்குள்ள வந்தா நடுவர் வெளியே அனுப்பிடுவாரே."

"கேலி பண்றியாம்மா?"

"இல்லீங்க, ஆட்ட விதி அப்படி. வேணும்னா இறுதி ஆட்டம் முடிஞ்சதும் குணமாக்குங்க. ஒத்திகைக்கு இப்ப என்னை வச்சே ஆரம்பிங்க. கால் எத்தனை மணிக்கு முளைக்கும்னு சொன்னா, எனக்கொரு ஜோடியை விக்காம எடுத்து வச்சுக்குவேன்."

தலைவலியைத் தீர்த்ததாகச் சொல்லலாம், முதுகு வலியைத் தீர்த்ததாகச் சொல்லலாம், யார் உள்ளே புகுந்து பார்க்கப் போகிறார்கள்? இந்த நாட்டில் இத்தனை மேடைகளில், இத்தனை ஒலிபெருக்கிகளில், முளைத்த கால் என்று ஒன்றை எவரும் காட்டியதில்லை. தீர்க்கதரிசிக்கும் அது தெரியும். அவர் தம் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். சோபா கிடைக்காத மற்றவர்களும் போனார்கள். நானா மட்டும் சற்று நேரம் சோபாவில் உட்கார்ந்திருந்தார். தமக்குக் கீழே யாருமில்லை என்பதைக் கவனித்ததும் அவரும் எழுந்தார்.

மறுநாள் கடையில் பிராகோ டாக்கருக்குப் போன் போட எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள். செய்னபு வர ஒரு வாரம்தான் இருந்தது.

"என்ன சொல்லப் போறே?" என்றான் அன்ட்வி.

"லாகோசுக்கே கொடுத்துடுங்கன்னு."

"அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லு. சாவு வீட்டுல என்னை ஏன் பாட்டுப் பெட்டிகிட்ட நிறுத்தினே?"

"நீ இடது கையை நீட்டினா அவங்க..." என்று இழுத்தாள் பிராகோ.

"காது செவிடாகுற மாதிரி ரெண்டு சனிக்கிழமை நின்னேன். சரி, அதை விடு. ஏழு நாற்காலிக்கு ஆள் தேடினியே, அதுல நாம எங்க உட்கார்றதா இருந்துச்சு?"

பிராகோ கையிலிருந்த ஷூவைப் பார்த்தாள். ஊரில் அரியணைக்கு உடம்பில் குறையில்லாதவன் வேண்டும் என்று விதி வைத்தவர்களை எத்தனை முறை திட்டியிருக்கிறாள்! அதே விதியை ஒருவரும் சொல்லாமலேயே தன் குழுவுக்கும் அவள் வைத்திருந்தாள்.

"தரையிலதான்டா" என்றாள். முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. பிறகுதான் கோபம் வந்தது, அதுவும் தன் மேலேயே. "நாம ரெண்டு பேர். இன்னும் அஞ்சு நாற்காலி. சனிக்கிழமை நீ எனக்குப் பின்னாலயே வா. உன் கையை யார் பிடிக்கிறாங்களோ அவங்களைத்தான் கேட்கப் போறேன்."

அந்தச் சனிக்கிழமை பந்தாமாவில் ஒரு கோக்கோ வியாபாரியின் சாவு. வரிசை நீளமாக இருந்தது. பிராகோ கை கொடுத்துக்கொண்டே போனாள். பின்னால் அன்ட்வி இடது கையை நீட்டிக்கொண்டு வந்தான். ஒருவருக்குத் துணி நழுவியது. ஒருவருக்கு அந்த நேரம் பார்த்துப் போன் வந்தது. ஒரு பெரியவர் தம் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டு, தலையை மட்டும் அன்போடு ஆட்டினார்.

முதலில் பிடித்தவர் ஓய்வுபெற்ற நர்ஸ் அஜாபொமா. பிடித்ததோடு நிற்காமல் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நகத்தை வெட்டுடா. இந்தக் கையாலயா பந்தைப் பிடிக்கிறே?"

"வெட்டிவிட ஆள் வேணுமே அம்மா, இன்னொரு கை இல்லையே" என்றான் அன்ட்வி.

"கத்தரி கொண்டா, வெட்டறேன்."

பிராகோ திரும்பி வந்தாள். "அம்மா, ஒரு வேலை இருக்கு. தலைவர் பதவி கிடையாது. படி கிடையாது. திட்டு மட்டும் நிறையக் கிடைக்கும்."

"முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில அதைத்தான் வாங்கினேன். புதுசா ஏதாவது இருந்தா சொல்லு."

இரண்டாமவர் வரிசையிலேயே இல்லை. பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடும் டான்சோ, வலது கையில் நாற்காலி அடுக்கோடு குறுக்கே வந்தார். அன்ட்வி கையை நீட்டவே, அவரும் யோசிக்காமல் தம் இடது கையைக் கொடுத்தார். கொடுத்துவிட்டுத்தான் விழித்தார். "ஐயோ, ரெண்டும் இடது கை! இப்ப யாரு யாரை அவமதிச்சது?"

"சரிக்குச் சரி ஐயா, கணக்குத் தீர்ந்துச்சு" என்றான் அன்ட்வி. டான்சோ சிரித்த சிரிப்பில் துக்கம் காக்க உட்கார்ந்திருந்தவர்கள் முறைத்தார்கள்.

அசாவாசி கறிக்கடை அல்ஹாஜி முமுனி பிடித்தார். ஒரு கணக்கு வாத்தியாரம்மா பிடித்தார். ஒரு ரேடியோ அறிவிப்பாளர், கையைப் பிடித்தபடியே அன்ட்வியிடம் பேட்டி எடுக்கத் தொடங்கிவிட்டார். பந்தலின் மறுமுனைக்கு வந்தபோது பிராகோவுக்கு மூச்சு வாங்கியது. ஐந்து பேர் கிடைத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை செய்னபு வந்து இறங்கினார். கூட்டம் டான்சோவின் கிடங்கில் நடந்தது. சந்தையிலிருந்து பிராகோ வந்து சேர்வதற்குள் உள்ளே சத்தம் கூரையைத் தூக்கியது. செய்னபு மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், உள்ளூர் ட்வி மொழி ஒரு வார்த்தையும் புரியாமல், வாய்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு அடிச்சுக்கிறாங்க?" என்று பிராகோவிடம் ரகசியமாகக் கேட்டார்.

"கக்கூசுக்கும்மா. மைதானத்துக் கக்கூசுக் கதவு குறுகலாம், சக்கர நாற்காலி நுழையாதாம். நர்ஸம்மா கதவை இடிக்கச் சொல்றாங்க. டான்சோ, வாடகைக் கக்கூஸ் கொண்டாறேங்கிறார்."

"படி பத்தி யாராவது கேட்டாங்களா?"

"இதுவரைக்கும் கேட்கல."

செய்னபு எழுந்து, டாக்கருக்குப் போன் பேச வெளியே போனார். திரும்பி வந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். லாகோசுக்குச் சேதி சொல்லியாகிவிட்டது, போட்டி குமாசியில்தான்.

அப்போதுதான் ரேடியோக்காரர் எழுந்தார். "ஒரு யோசனை. டிக்கெட் வேண்டாம். எல்லாரும் இலவசமா வரட்டும். பாவம், இந்தப் பிள்ளைங்க ஆட்டத்தைப் பார்க்க..."

"பாவமா?" என்றாள் பிராகோ. ஊன்றுகோலைத் தரையில் குத்திக்கொண்டு எழுந்தாள். "காசு கொடுத்து வாங்கின டிக்கெட் கையில இருந்தாத்தான்யா மனுஷன் நடுவரைத் திட்டுவான். ஓசியில வந்தவன் அழுவான். எனக்கு அழுகிற கூட்டம் வேண்டாம். கத்துற கூட்டம் வேணும்."

டிக்கெட் வேண்டும் என்பதற்கு வாக்கெடுப்பு நடந்தது. வலது கைகள் உயர்ந்தன, நடுவில் ஒரு இடது கையும் உயர்ந்தது. கடைசியில் ரேடியோக்காரரே கையை உயர்த்திவிட்டு, காலை நிகழ்ச்சியில் டிக்கெட்டைப் பற்றித் தானே அறிவிப்பதாகச் சொன்னார்.

"குழுவில இருக்கிறவங்களுக்கு மட்டும் இலவசம்தானே?" என்று டான்சோ மெல்லக் கேட்டார்.

"யாருக்கும் கிடையாது" என்றார் நர்ஸம்மா. "முதல் டிக்கெட்டை நாமதான் வாங்கணும். அல்ஹாஜி, எடுங்க."

அல்ஹாஜி முமுனி தம் நீள அங்கியைத் தூக்கி, உள்பைக்குள் கையை விட்டுத் துழாவினார். "படி கொடுக்காத குழுவைப் பார்த்திருக்கேன்" என்று முணுமுணுத்தார். "நம்மகிட்டயே வசூல் பண்ற குழுவை இப்பத்தான்மா பார்க்கிறேன். ரெண்டா கொடு. என் வீட்டுக்காரியும் நல்லாத் திட்டுவா."