கல்லுக்குச் சொல்லிவைத்த பிறந்தநாள்

எங்கள் வீட்டில் இரும்பு ஆகாத ஓர் அறை இருந்தது. பீரோ, கத்தரி, ஆணி எதுவும் உள்ளே போகக் கூடாது. கோவிலுக்குச் செருப்பைக் கழற்றுவதுபோல நான் என் கொண்டை ஊசிகளைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். உள்ளே குடியிருந்த சாமி, செங்கல் அளவில் ஒரு சுட்ட களிமண் துண்டு.

அப்பா திருவனந்தபுரத்தில் பூமியின் காந்தத்தை அளக்கிற ஆபீசில் இருந்தார். விழிஞ்ஞம் பக்கம் யாரோ வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது பழங்காலச் சூளை ஒன்றின் தரை தட்டுப்பட்டது. அப்பா ஓடிப்போய், அதன்மேல் பிளாஸ்டர் பூசி, வடக்கைக் கோடாகக் கிழித்து, மூன்று துண்டுகள் வெட்டி எடுத்தார். இரண்டு வழியிலேயே உதிர்ந்துபோயின. சூளைக்கு மேலே வீடும் எழும்பிவிட்டது. மிஞ்சியது இது ஒன்றுதான். ஆபீஸ் முழுக்க இரும்பு அலமாரி என்பதால், எங்கள் வீட்டு மரப்பெட்டியில் திசை மாறாமல் படுத்துக் கிடந்தது.

அம்மா நாகர்கோவிலில் அரசுப் பள்ளி டீச்சர். வேலை தமிழ்நாட்டில், புருஷன் கேரளத்தில். மாற்றலுக்கு வழியே கிடையாது. சனிக்கிழமை தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குவாள், ஞாயிறு சாயங்காலம் போய்விடுவாள். நல்ல பள்ளிக்கூடம் என்று ஒன்பது வயதில் என்னை அப்பாவோடு விட்டிருந்தார்கள். அப்பா வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் அது அந்தத் துண்டைப் பற்றித்தான். அதனால் எனக்கும் அது பிடிக்கும்.

"மண்ணு சுட்டு ஆறும்போ, அன்னைக்கு காந்த வடக்கு எங்க இருந்ததோ அதப் பிடிச்சு வச்சுக்கிடும் மக்கா. ஆயிரம் வருஷமானாலும் மறக்காது. மறுபடியும் நல்லா சுட்டா மட்டும் பழச விட்டுட்டு புதுச எடுத்துக்கிடும்" என்பார். வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரி வந்து அதைக் கொண்டுபோய்க் கருவியில் வைக்கப் போகிறார், அது பழைய வடக்கைச் சொன்னால் அப்பாவின் ஆராய்ச்சி நிலைக்கும், இல்லாவிட்டால் மூடிவிடுவார்கள் என்றும் சொல்லியிருந்தார். மூன்று வருஷ உழைப்பு.

அந்த வாரம் பள்ளியில் இன்ஸ்பெக்‌ஷன் என்று அம்மா வரவில்லை. இன்லண்ட் லெட்டர்தான் வந்தது. புதன்கிழமை தை அனுஷம், பிள்ளைக்குப் பிறந்தநாள், பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க மறந்துவிடாதீர்கள் என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாள். நட்சத்திரப் பிறந்தநாளில் இதுதான் தொல்லை, வருஷா வருஷம் தேதி மாறும். அப்பா படித்தார், "சரி" என்றார், படித்துக்கொண்டிருந்த புத்தகத்தில் அடையாளத்துக்குச் செருகிவிட்டார்.

நான் ஞாபகப்படுத்தவில்லை. எனக்கு அப்போதே வீம்பு ஜாஸ்தி. கேட்டு வாங்கிய தேங்காய் எனக்கு எதற்கு? புதன்கிழமை காலையில் பட்டுப்பாவாடையைக் கட்டிக்கொண்டு அவர் முன்னால் இரண்டு தடவை நடந்தேன். ஸ்கூலில் என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் பூட்டைத் திறந்து வீட்டுக்குள் போனேன். சத்தமே இல்லை. யாராவது ஒருவருக்காவது இந்த நாள் ஞாபகமிருக்க வேண்டும் என்று அப்படி ஓர் ஏக்கம் வந்தது. அந்த வீட்டில் மறக்கவே மறக்காத ஆள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

கொல்லையில் வெந்நீர் அடுப்பை மூட்டினேன். தேங்காய் உரித்த தொண்டும் மட்டையும் நன்றாகக் கனிந்ததும் துண்டை நடுவில் வைத்தேன். அப்பாவின் திசைகாட்டியை எடுத்துவந்து, கோட்டை வடக்குக்கு நேராகத் திருப்பினேன். இருந்த விறகையெல்லாம் போட்டுச் சிவக்கச் சிவக்கச் சுட்டேன். ஆறும்வரை அசைக்கக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். பக்கத்திலேயே காவல் இருந்தேன். இவ்வளவு ஒழுங்காக நான் எந்த வீட்டுப்பாடத்தையும் செய்ததில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அப்பா வந்தார். அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னைக்கு அனுஷம்ப்பா. இனிமே இது மறக்காது" என்றேன்.

அப்பா துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "எந்தப் பக்கம் பாத்து வச்ச மக்கா?" என்று கேட்டார். பெருமையாகக் காட்டினேன்.

"அசைக்கல்லியே?"

"இல்லப்பா."

"அப்ப சரி."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். முகத்தைக் கழுவச் சொல்லி, ஆட்டோ பிடித்துப் பழவங்காடிக்குக் கூட்டிப்போனார். தேங்காயை அவர் எறிந்தபோது முதல் வீச்சில் உடையவில்லை, இன்னொன்று வாங்க வேண்டியிருந்தது. திரும்பும்போது வழியெல்லாம் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். கான்வென்ட் தயவில் எனக்குப் புரிந்தது. துண்டு தன் கை தவறி விழுந்து தூளாகிவிட்டது, தவறு தன்னுடையதுதான் என்றார் அப்பா. இத்தனை வருஷ அனுபவத்தில் இப்படியொரு அஜாக்கிரதையா, இதற்குமேல் இந்த வேலைக்கு எப்படிச் சிபாரிசு செய்வது என்று அந்த மனிதர் கேட்டுக்கொண்டே போனார். அப்பா நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு ஆத்திரமாக வந்தது. முழுசாக இரண்டு நாள் ஆகவில்லை, அதைச் சுட்டது நான்தான் என்பதையே அப்பா மறந்துவிட்டாரே என்று, அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்து அழுதேன்.