துணியக்காவின் ஈரத்துணி

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று பள்ளியில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் துணியக்காவிடம் நான் அன்றைக்குக் கத்தியதை நினைத்தால், இன்றும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

எங்கள் மழலையர் வகுப்பில் பதினாறு பிள்ளைகள், எல்லாம் மூன்று வயது. நான் டீச்சர், துணியக்கா உதவியாளர். இடது தோளில் எப்போதும் ஓர் ஈரத்துணி கிடக்கும், அதனால்தான் அந்தப் பெயர். இங்கே வருவதற்கு முன் இருபத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரியில் தரை துடைத்தவர். "கறைன்னா எனக்கு ஆகவே ஆகாது டீச்சர். ஒரு பொட்டு இருந்தாலும் கை துறுதுறுங்கும்" என்பார்.

பாவம், அப்படிப்பட்டவர் வந்து மாட்டிக்கொண்டது என் வகுப்பில். தினமும் காலை பத்து மணிக்குப் பிள்ளைகள் கையால் தொட்டு, பிசைந்து, தேய்த்துப் படம் போடுவார்கள். ஒரு நாள் ஈரமண், ஒரு நாள் சோப்பு நுரை, ஒரு நாள் கலர் போட்ட ஐஸ்கட்டி. வியாழக்கிழமை கலர்க்கூழ். சோளமாவைத் தண்ணீரில் காய்ச்சி, ஆறவைத்து, நீலமோ மஞ்சளோ கலந்து மேசைமேல் அப்படியே கொட்டிவிடுவோம். கூழ் காய்ச்சுவதில் துணியக்காவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, ஒரு கட்டி இருக்காது. ஆனால் ஒரு விரலை அதில் வைக்கச் சொல்லுங்கள் பார்ப்போம்! "ஐயய்ய, சளி மாதிரி இருக்கு" என்று கரண்டியைத் தள்ளிப் பிடித்துக்கொள்வார். எந்தப் பிள்ளை கையைத் தூக்கினாலும் துணியோடு ஓடி வந்து நிற்பார்.

அந்த வருடம் வந்து சேர்ந்தவள் பொடிசு. வகுப்பிலேயே சின்னவள் என்பதால் நாங்கள் வைத்த பெயர். மணி பத்தானால் போதும், இரண்டு கையையும் இறுக்கி மூடி அக்குளில் செருகிக்கொண்டு அழ ஆரம்பிப்பாள். மண் வேண்டாம், நுரை வேண்டாம், எதுவும் வேண்டாம். ஒரு மாதம் தலைகீழாக நின்று பார்த்தேன், கை திறக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை அவள் அப்பா வந்தார். "எந்திரிக்கும்போதே அழுவுறா டீச்சர். எங்களால பாக்க முடியல. இந்த வெள்ளிக்கிழமையோட நிறுத்திடுறோம். கடையில என்கூடவே உக்காந்துக்கட்டும்."

அந்தக் கையைத் திறக்காமலேயே அவளை அனுப்பிவிடுவதா?

மறுநாள் துணியக்கா பல் பிடுங்கப் போயிருந்தார். அன்றைக்கு ஈரமண். பொடிசு கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"துணிக்கா வரலயா?"

"வரல கண்ணு."

ஒரு கை மெல்ல வெளியே வந்தது. ஒரே ஒரு விரல் மண்ணில் பட்டது. உடனே அதைச் சட்டையில் அவசர அவசரமாகத் துடைத்துக்கொண்டு, மறுபடி கதவைப் பார்த்தாள். எனக்குச் சுருக்கென்றது.

புதன்கிழமை வீங்கிய கன்னத்தோடு வந்தவரை, உட்காருங்கள் என்றுகூடச் சொல்லாமல் கொட்டித் தீர்த்தேன். "உங்க துணியப் பாத்துதான் அந்தப் பிள்ள மிரளுது. கையில பட்டா தப்புன்னு நீங்கதான் பழக்கி வெச்சிருக்கீங்க!"

"நானா டீச்சர்?" என்றார். "சுத்தமா இருக்கணும்னுதானே..." கழுவும் அறைக்குப் போய்விட்டு வந்தபோது கண் சிவந்திருந்தது. பல் பிடுங்கிய மனுஷியிடம் பேசுகிற பேச்சா அது? நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை கூழ் காய்ச்சிக்கொண்டு வந்தார். தோளில் துணி இல்லை. எனக்கே யாரோ போல் தெரிந்தார். நேராகப் போய்ப் பொடிசு பக்கத்தில் உட்கார்ந்தார், கண்ணை இறுக்கி மூடினார், இரண்டு உள்ளங்கையையும் நீலக்கூழில் வைத்துவிட்டார்.

"ஐயோ அம்மா!"

வகுப்பே சிரித்தது. பொடிசு சிரிக்கவில்லை. வெறும் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துணி எங்க?"

"வீட்டுலயே வெச்சிட்டு வந்துட்டேன் தங்கம்."

"கை அழுக்கா இருக்கே."

"இருக்கட்டுமே. நல்லாத்தான் இருக்கு."

பச்சைப் பொய். கையெல்லாம் அவருக்குப் புல்லரித்திருந்ததை நான் பார்த்தேன். இருந்தும் எடுக்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன், அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ரொம்ப நேரம் கழித்துப் பொடிசு ஒரு விரலை நீட்டினாள். கூழில் அல்ல, துணியக்காவின் புறங்கையில் தெறித்திருந்த நீலத்தில். ஒரு கோடு இழுத்தாள். யாரும் துடைக்க வரவில்லை. இன்னொரு கோடு இழுத்தாள். அப்புறம் இரண்டு கையும் திறந்தன. பதினைந்து நிமிஷத்தில் முழங்கை வரை நீலம்.

மதியம் கூட்டிப்போக வந்த அப்பா பதறிப்போனார். "என்னம்மா இது கோலம்!" என்று கைக்குட்டையை உருவிக்கொண்டு குனிந்தார்.

துணியக்கா ஒரே எட்டில் போய் அவர் கையைப் பிடித்துவிட்டார். "தொடைக்காதீங்க சார்!"

"இருக்கட்டும்பா," என்றாள் பொடிசு. "நல்லாத்தான் இருக்கு."

அவர் மகளின் விரிந்த கைகளைப் பார்த்தபடி கைக்குட்டையை மெல்ல மடித்துப் பைக்குள் வைத்தார். "திங்கக்கிழமை என்ன டீச்சர்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் துணியக்கா பதில் சொல்லிவிட்டார்.

"ஈரமண்ணு சார். நானும் கை வைக்கப் போறேன்."