பெயருக்கு முன்னால் நின்ற ஸ்பேஸ்

1. பிரிண்டர் மேல் பழி

எனக்கு அது முதலில் உறைத்தது எச்.ஆர். அறைப் பிரிண்டரின் பக்கத்தில். ஒப்பந்தத் தொழிலாளர் பெயர்ப் பட்டியல் சூடாக வெளியே வந்துகொண்டிருந்தது. தாளை எடுத்துப் பார்த்தால், சில பெயர்கள் மட்டும் இடது ஓரத்தில் ஒட்டாமல் அரை எழுத்து உள்ளே தள்ளி நின்றன.

"சார், இந்தப் பேரெல்லாம் மட்டும் ஏன் உள்ள தள்ளி இருக்கு?" என்று எங்கள் எச்.ஆர். மேனேஜர் தேவராஜ் சாரிடம் கேட்டேன்.

"பிரிண்டர் ப்ராப்ளம்மா. சர்வீஸுக்குச் சொல்லணும்" என்றார், தலையைத் தூக்காமலே.

எந்தப் பிரிண்டரும் ஆள் பார்த்துத் தள்ளி அடிக்காது. அதோடு, தள்ளி நின்ற பெயர்கள் எனக்குத் தெரிந்த பெயர்கள். அன்று காலைதான் அவர்கள் எல்லோரும் கேட்டுக்கு வெளியே நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

நான் வேலை செய்வது ஓசூர் தொழிற்பேட்டையில், இருசக்கர வண்டிக்கு பிரேக் ஷூ செய்கிற ஒரு கம்பெனியில். கார்டில் 'எம்.ஐ.எஸ். எக்ஸிக்யூட்டிவ்' என்று போட்டிருக்கும். ஊரார் அனுப்புகிற எக்ஸெல் குப்பையை அள்ளி டேட்டாபேஸில் கொட்டுகிற வேலை என்று அதற்குப் பொருள். இதே நாற்காலிக்கு நாளை வரப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். காலேஜில் இதெல்லாம் சொல்லித் தரமாட்டார்கள்.

2. நோ ரெக்கார்ட்

அந்த வாரம்தான் கேட்டில் புது சாஃப்ட்வேர் வந்திருந்தது. செக்யூரிட்டி பெயரின் முதல் மூன்று எழுத்தை அடித்தால் ஆளின் பெயரும் ஃபோட்டோவும் வரும், பார்த்து உள்ளே விடலாம். பெயரில் தேட வேண்டாம், கார்டு நம்பரில் தேடலாம் என்று நான் முதலிலேயே சொன்னேன். "நம்பரெல்லாம் யாருக்கும்மா ஞாபகம் இருக்கும்? பேருதான் யூசர் ஃப்ரெண்ட்லி" என்றார் சார். ஒப்பந்த ஏஜென்சி மாதாமாதம் அனுப்புகிற எக்ஸெலை எச்.ஆரில் திறந்துகூடப் பார்க்காமல் அப்படியே ஏற்றினார்கள். அதுவும் யூசர் ஃப்ரெண்ட்லிதான், ஏற்றுகிறவருக்கு.

அன்று காலை நான் உள்ளே வரும்போது முனிரத்னா கேட்டில் நின்றுகொண்டிருந்தார். கர்நாடக எல்லையை ஒட்டிய பாகலூரிலிருந்து ஏஜென்சி வண்டியில் வருகிறவர், இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் வேலை. விரிசல் விட்ட ஷூவை விரலால் தடவியே எடுத்து வீசுகிறவர்.

"எம், யூ, என் அடிச்சா நோ ரெக்கார்டுங்குதும்மா" என்றார் செக்யூரிட்டி பழனி அண்ணன். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து இந்தக் குளிரில் மஃப்ளரோடு நிற்கிறவர்.

"போன வாரம் இதே கேட்டுல என் டிபன் பாக்ஸைத் தொறந்து பாத்தீங்களேண்ணா, அப்ப ரெக்கார்டு இருந்துச்சா?"

"எனக்கு ஒன்னைய நல்லாத் தெரியுது தாயி. இந்த டப்பாவுக்குத்தான் தெரிய மாட்டேங்குது."

முனிரத்னா என் பக்கம் திரும்பினார். "மேடம், இன்னொரு வாட்டி திருப்பி அனுப்புனா வேற ஆளைப் போட்டுக்குவேன்னு ஏஜென்சியில சொல்லிட்டாங்க. உங்க கம்ப்யூட்டர்ல நான் செத்துட்டனா, உயிரோட இருக்கனான்னு பாத்துச் சொல்லுங்க."

3. மேனேஜர் கண்டுபிடித்த சதி

தேவராஜ் சாரும் சும்மா இருக்கவில்லை. கேட்டில் மாட்டுகிறவர்கள் எல்லோரும் பாகலூர் வண்டியில் வருகிறவர்கள் என்பதைக் கண்டுபிடித்திருந்தார். உண்மைதான். அதற்கு மேல் அவர் போனதுதான் வினை.

"பார்டர் ஆளுங்கம்மா. அந்தப் பக்கம் ஒரு கார்டு, இந்தப் பக்கம் ஒரு கார்டு. அக்கா பேர்ல தங்கச்சி வருவா. சிஸ்டம் கரெக்டா புடிச்சிடுச்சு பாரு!"

இதைச் சொன்னவர் பெங்களூரில் வீட்டை வைத்துக்கொண்டு தினமும் மாநில எல்லையில் அத்திப்பள்ளி டோல் தாண்டி வேலைக்கு வருகிறவர். அவர் பார்டர் ஆள் இல்லை. ஏ.சி. காரில் தாண்டினால் அது கணக்கில் வராது போலும்.

அதோடு விட்டாரா? பாகலூர் வண்டிக்காரர்கள் அத்தனை பேர் எதிரிலும் ரிமார்க்ஸ் பத்தியில் 'ஐ.டி. டவுட்ஃபுல்' என்று போட்டுவைத்தார்.

4. ஹோம் கீ

பிரிண்ட் எடுத்த தாளோடு என் இடத்துக்கு வந்தேன். எக்ஸெலைத் திறந்து முனிரத்னாவின் பெயரில் டபுள் கிளிக் செய்து ஹோம் கீயை அழுத்தினேன். கர்சர் முதல் எழுத்தை ஒட்டி நிற்க வேண்டும். நிற்கவில்லை. நடுவில் ஓர் இடைவெளி. பழனி அண்ணன் 'எம்' என்று தொடங்குகிற பெயரைத் தேடுகிறார். டேட்டாபேஸில் இருக்கிற பெயரோ ஸ்பேஸில் தொடங்குகிறது. சாரின் சர்வதேச சதி இவ்வளவுதான்.

ஏஜென்சி சூப்பர்வைசர் நாகராஜ் அண்ணனை டீக்கடையில் பிடித்தேன்.

"அதுவா? நான்தாம்மா போட்டேன்" என்றார் பெருமையாக. "பாகலூர் வண்டிதான் மொதல்ல பொறப்படும். ஏ டு இசட் போட்டா என் ஆளுங்க லிஸ்ட்டு பூரா செதறிப் போறாங்க. பேருக்கு முன்னாடி ஒரு ஸ்பேஸ் தட்டி வுட்டேன்னா எல்லாரும் மேல வந்து உக்காந்துக்கறாங்க. வண்டி நிக்கறப்பவே ஸ்வல்ப நேரத்துல டிக் போட்டுடுவேன். எப்படி?"

"பிரமாதம்ணா. லிஸ்ட்டுல மேல உக்காந்துட்டாங்க. கேட்டுக்கு வெளியதான் நிக்கறாங்க."

டீயைக் கீழே வைத்துவிட்டார். "அய்யோ, அதனாலயா? நான் கேட்டுல இருக்கற கம்ப்யூட்டர் மேலல்ல சந்தேகப்பட்டேன்!"

5. பாதிதான் வந்தது

எனக்கு அவசரம். சாரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, 'ட்ரிம்' ஃபார்முலா போட்டு, முன்னால் இருக்கிற ஸ்பேஸை எல்லாம் வெட்டி, டெஸ்ட் டேட்டாபேஸில் ஏற்றித் தேடிக் காட்டினேன். பாதிப் பேர் வந்தார்கள். முனிரத்னா வரவில்லை.

"பாத்தியா?" சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஸ்பேஸை எடுத்தும் வரலைன்னா என்ன அர்த்தம்? ஆளே டூப்ளிகேட்டு."

ஒரு ஃபார்முலா தோற்றால் ஒரு பெண் போலி ஆகிவிடுகிற நியாயம் எந்த ஊரில் உண்டு என்று தெரியவில்லை. எங்கள் ஆபீஸில் உண்டு.

அவர் போனதும் 'லென்' போட்டு எழுத்தை எண்ணச் சொன்னேன். MUNIRATNA V: நடு ஸ்பேஸையும் சேர்த்துப் பதினொன்று. ட்ரிம் செய்த பிறகும் எக்ஸெல் பன்னிரண்டு என்றது. முதல் எழுத்துக்குக் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற கோட் நம்பர் என்னவென்று கேட்டேன். சாதாரண ஸ்பேஸுக்கு 32 வர வேண்டும். வந்தது 160. மெயிலிலும் வெப் பக்கங்களிலும் வார்த்தைகள் பிரியாமல் இருக்கப் போடுகிற வேறு ஜாதி ஸ்பேஸ் அது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ட்ரிம் 32-ஐத்தான் வெட்டும், 160-ஐத் தொடாது. நாகராஜ் அண்ணன் பாதிப் பெயர்களைக் கையால் தட்டியிருக்கிறார், மீதியை ஏதோ மெயிலிலிருந்து ஸ்பேஸோடு காப்பி அடித்திருக்கிறார்.

முதலில் 160-ஐ எல்லாம் 32-ஆக மாற்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் ட்ரிம். வரிசை மாறினால் அழுக்கு அங்கேயே இருக்கும். அப்படியே செய்து ஏற்றினேன். மறுநாள் காலை கேட்டுக்கே போய் நின்றேன். பழனி அண்ணன் மூன்று எழுத்தை அடித்தார். முகம் வந்தது.

"இந்தா, வந்துட்டா மகராசி!"

முனிரத்னா எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "இந்த மூஞ்சியப் பாக்கவா இத்தனை நாள் வெளிய நிக்க வெச்சீங்க?"

6. சர்க்குலர்

நாகராஜ் அண்ணனுக்கு 'வண்டி' என்று தனிப் பத்தி போட்டுக் கொடுத்தேன். அதில் பாகலூர் என்று வடிகட்டினால் அவருடைய ஆட்கள் மட்டும் வருவார்கள். "இதை மொதல்லயே குடுத்திருந்தா நான் எதுக்கும்மா அந்த வேலை பாக்கறேன்?" என்றார். நியாயமான கேள்வி. அவரிடம் யாரும் கேட்கவே இல்லை.

சார் மட்டும் தன் பங்குக்கு எல்லா ஏஜென்சிக்கும் சர்க்குலர் விட்டார்: பெயரில் எந்த இடத்திலும் ஸ்பேஸ் இருக்கக் கூடாது. எந்த இடத்திலும்! அவர்களும் கீழ்ப்படிந்தார்கள். அடுத்த பட்டியலில் பெயரும் இனிஷியலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. பழைய பெயரோடு பொருந்தாததால் ஒவ்வொருவரும் புது ஆளாகப் பதிவானார்கள், யாருக்கும் ஃபோட்டோ இல்லை. ஷிஃப்டு முழுவதும் ரோட்டில் நின்றது.

அன்றைக்கு சார் யாருக்கும் 'டவுட்ஃபுல்' போடவில்லை. அன்று மாட்டியது எல்லா வண்டியும் அல்லவா.

இதிலிருந்து நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். ஊரைத் திருத்த சர்க்குலர் போடாதீர்கள். உள்ளே வருகிற வழியில் கழுவுங்கள். ஏஜென்சி கொடுத்த பெயரை அப்படியே ஒரு பத்தியில் வைத்துக்கொண்டு, கழுவிய பெயரைப் பக்கத்துப் பத்தியில் போட்டு, அதில் தேடுங்கள். கழுவும் முன் அந்த அழுக்கை யார், எதற்காகப் போட்டார்கள் என்று கேளுங்கள். இப்போது எங்கள் இம்போர்ட்டில் இது தானாக நடக்கிறது. அதை எழுதியதும் நான், காப்பதும் நான்.

7. இன்னும் போகாதது

போன வாரம் ஒப்பந்த ஆட்களிலிருந்து நேரடி வேலைக்கு எடுக்கப் பட்டியல் தயாரானது. முனிரத்னா இரண்டு வருடமாகக் காத்திருந்த பட்டியல்.

"என் பேரு வரலையே மேடம். இப்பவும் ஸ்பேஸா?"

தேடிப் பார்த்தேன். பெயர் சுத்தமாக இருந்தது. ரிமார்க்ஸில் ஏதாவது எழுதியிருந்தால் அந்த ஆளைப் பட்டியல் தானாகத் தள்ளிவிடும். 'ஐ.டி. டவுட்ஃபுல்' இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தது, பாகலூர் வண்டிக்காரர்கள் எல்லோர் எதிரிலும். அதை அழிக்கும் உரிமை என் லாகினுக்கு இல்லை. சாருக்கு மட்டும்தான். அவரிடம் போய் எடுக்கச் சொன்னேன்.

"இப்ப எடுத்தா, அப்ப ஏன் போட்டேன்னு கேப்பாங்கம்மா" என்றார். "ஒரு ரிமார்க்தானே, இருந்துட்டுப் போகட்டும்."

இருந்துவிட்டுப் போகாது. திங்கட்கிழமை பிளான்ட் ஹெட் முன்னால் இம்போர்ட் வேலையைக் காட்ட எனக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஃபார்முலாவைக் காட்டப் போவதில்லை. திரையில் இரண்டே பத்தி. இடதுபக்கம் ஸ்பேஸோடு வந்த பெயர்கள், வலதுபக்கம் 'டவுட்ஃபுல்' வாங்கிய பெயர்கள். இரண்டும் அதே பெயர்கள், ஒன்றுகூடக் குறையாமல். சாரும் அந்த அறையில் இருப்பார். ரிமார்க்கை அங்கேயே, அவர் லாகினிலேயே அழிக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன். அதன் பிறகு என் நாற்காலி என்ன ஆகும் என்று தெரியாது.

முனிரத்னாவிடம் சொன்னேன்.

"காட்டுங்க மேடம். அந்த ஃபோட்டோவை மட்டும் காட்டாதீங்க."

ஃபோட்டோ இல்லை. திரையில் பெயர் மட்டும்தான் இருக்கிறது, கழுவிய பிறகு இடது ஓரத்தோடு ஒட்டி.