வாங்காமல் ஜெயித்த பூர்ணிமா

பூர்ணிமா முதலீட்டுப் பாடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் பணம் அல்ல, பஸ். பி.பி.ஏ. மூன்றாம் ஆண்டில் இரண்டு விருப்பப் பாடங்கள் இருந்தன. மனிதவளம் காலை முதல் பீரியட். 'முதலீடும் போர்ட்ஃபோலியோ நிர்வாகமும்' மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. புதுவையின் ஓரத்தில் கருவடிக்குப்பத்து வீட்டிலிருந்து காலைக் கூட்டத்தில் தொங்கிக்கொண்டு வர அவளுக்கு விருப்பமில்லை. பங்குச் சந்தையோடு அவளுக்கு உறவு ஏற்பட்டது இப்படித்தான். பின்னால் ஊர் அதற்கு வேறு கதை கட்டியது.

அது 2008ஆம் வருடம். பாடம் நடத்தியவர் புருஷோத்தமன். கடற்காற்றில் சட்டையே உடம்போடு ஒட்டிக்கொள்ளும் ஊரில் தினமும் டை கட்டி வருகிற ஒரே வாத்தியார் அவர்தான். முதல் வகுப்பில் கரும்பலகை முன்னால் நின்று சொன்னார்:

"எல்லாப் பணத்தையும் ஒரே எடத்துல போடறவன் முதலீட்டாளர் இல்ல, சூதாடி. எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டார்கள். புருஷோத்தமனோ கூட்டுறவுச் சங்கத்தில் சம்பளத்தின் மேல் வாங்கிய கடன் முழுவதையும் ஒரே ஒரு கட்டுமானக் கம்பெனியின் பங்கில் போட்டு வைத்திருந்தார். இது அப்போது யாருக்கும் தெரியாது. பாடத்திட்டத்திலும் இல்லை.

வெறும் புத்தகம் போதாது என்று ஒரு போட்டி வைத்தார். ஒவ்வொருவருக்கும் பத்து லட்சம் ரூபாய், கற்பனையில். அதை வைத்து நிஜக் கம்பெனிகளின் பங்குகளை அன்றைய நிஜ விலைக்கு வாங்கலாம், விற்கலாம், எல்லாம் பேச்சளவில். தீபாவளி வரை விளையாட்டு. யாரிடம் அதிகம் மிஞ்சுகிறதோ அவருக்குக் கோப்பை. வெள்ளிக்கிழமைதோறும் எழுந்து நின்று, என்ன வாங்கினேன், ஏன் வாங்கினேன், அதன் பீட்டா என்ன என்று சொல்ல வேண்டும்.

"சந்தை ஒரு அடி வெச்சா இந்தப் பங்கு எத்தன அடி வைக்கும்ங்கறதுதான் பீட்டா" என்றார் புருஷோத்தமன்.

பங்கு எதற்காக நடக்கிறது என்று பூர்ணிமாவுக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள். அவளுக்கும் புரியவில்லை, ஆனால் அவள் முன்பெஞ்சு ஆந்தனியைப் பார்த்து எழுதிக்கொண்டாள். பூர்ணிமாவுக்கு அதற்கும் சோம்பல். முதல் வெள்ளிக்கிழமை அவள் முறை வந்தபோது எழுந்து நின்றாள்.

"இன்னும் பாத்துட்டு இருக்கேன் சார்."

அடுத்த வெள்ளியும் அதையே சொன்னாள். அதற்கடுத்த வெள்ளியும்.

"வேடிக்க பாக்கவா காலேஜுக்கு வந்த? ரிஸ்க் எடுக்காதவனுக்கு சந்தையில எடமே இல்ல. ஆந்தனியப் பாரு. ஒரே வாரத்துல நாப்பதாயிரம் பாத்துட்டான்."

ஆந்தனி அடக்கமாகத் தலை குனிந்துகொண்டான். கற்பனை நாற்பதாயிரத்துக்கு அவன் வகுப்புக்கே நிஜக் கல்கோனா மிட்டாய் வாங்கிக் கொடுத்திருந்தான்.

செப்டம்பரில் அமெரிக்காவில் ஒரு பெரிய வங்கி சாய்ந்தது. அக்டோபரில் பம்பாய்ச் சந்தை கீழே போனது, நின்றது, மறுபடி போனது. புருஷோத்தமன் "இது வாங்கற நேரம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வகுப்பு வாங்கிக்கொண்டே இருந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம் ஆந்தனியிடம் மூன்று லட்சம்தான் மிச்சம். அவன் தூக்கத்தில் "ஏழு லட்சம் போச்சே" என்று புலம்பியதைக் கேட்டு அவன் அம்மா முத்தியால்பேட்டையிலிருந்து ஆட்டோ பிடித்து கல்லூரி முதல்வர் அறைக்கே வந்துவிட்டாள்.

"எம்புள்ள யாருகிட்ட கடன் வாங்குனான்னு மட்டும் சொல்லுங்க. நான் பேசிக்கறேன்."

அது இல்லாத பணம் என்று முதல்வர் விளக்கினார். "இல்லாத பணத்த எப்பிடிங்க தொலைப்பான்?" என்றாள் அந்த அம்மா. வணிகத் துறையில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி முதல்வர் அவளை அனுப்பிவைத்தார்.

கணக்கு முடித்துப் பார்த்ததில் பூர்ணிமாவிடம் பத்து லட்சமும் அப்படியே இருந்தது. வேறு யாரும் கிட்டத்தில்கூட இல்லை.

புருஷோத்தமன் ஒரு நாள் முழுக்க யோசித்தார். தம் பாடத்தைக் கேட்ட எல்லோரும் தோற்றார்கள், கேட்காதவள் ஜெயித்தாள் என்று பல்கலைக்கழகத்துக்கு அறிக்கை எழுத முடியாது. ஆகவே, ரொக்கத்தைக் கையில் வைத்துக் காத்திருக்கும் உயர்ந்த உத்தியைத் தம் மாணவி கையாண்டதாக எழுதினார். அந்த உத்திக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரும் வைத்தார்.

பூர்ணிமாவுக்கு மனசு கேட்கவில்லை. ஆசிரியர் அறைக்குப் போனாள்.

"சார், ஒண்ணு சொல்லணும். நான் எதையும் கணிச்சு வெக்கல. எனக்கு பீட்டா புரியல. அதனாலதான் வாங்கல."

புருஷோத்தமன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பெரிய ஆளுங்க இப்படித்தான்மா பேசுவாங்க. தெரிஞ்சத வெளிய காட்டிக்க மாட்டாங்க." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, அந்தக் கட்டுமானக் கம்பெனியின் பெயரைச் சொன்னார். "வித்துடலாமா, வெச்சிருக்கலாமா?"

அப்படி ஒரு கம்பெனி இருப்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும். "தெரியல சார்."

"புரியுது" என்று தலையாட்டினார் அவர். "இன்னும் நேரம் வரல. அதானே?" நெற்றியில் வியர்வை நின்றது. அன்றைக்கு அவர் டை கட்டியிருக்கவில்லை என்பதை அவள் வெளியே வந்த பிறகுதான் உணர்ந்தாள். அவருக்காகக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. அதை விட, உண்மையைச் சொல்லியாயிற்று, இனி தன் மேல் குற்றமில்லை என்ற நிம்மதி பெரிதாக இருந்தது.

அந்த அறிக்கையை வைத்து மாலைப் பத்திரிகை ஒன்றில் அவள் படத்தோடு செய்தி வந்தது. 'உலகமே ஏமாந்தது, புதுவை மாணவி ஏமாறவில்லை.' அதுவரை வீட்டில் அவளிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டது கிடையாது. மோட்டார் போட்டாச்சா, பால் வந்ததா என்பவைதான் கேள்விகள். இப்போது மின்துறையில் வேலை பார்க்கும் அப்பா, தங்கம் வாங்கலாமா என்று கேட்டார். மாமன் வீட்டில், மனை வாங்கலாமா என்று கேட்டார்கள். அவள் எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னாள்: "கொஞ்சம் பொறுங்க." சொல்லும்போது கண்ணை லேசாகச் சுருக்கினால் இன்னும் நன்றாக எடுபடுகிறது என்பதையும் கண்டுபிடித்தாள். உண்மையைச் சொல்வதை அத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

தெருமுனை மூன்று மாடி வீட்டில் ஜான்-பத்திஸ்த் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை ஊரில் சொல்தா என்பார்கள். அவரும் ஒரு சொல்தா. மாதம் பிறந்தால் யூரோவில் பென்ஷன் வந்துவிடும். உலகத்தில் அவர் நம்பாதவை இரண்டு: பங்குச் சந்தை, பங்குச் சந்தை வேண்டாம் என்று சொல்பவர்கள். பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பொங்கல் கழித்து ஒரு நாள் பூர்ணிமா வீட்டுக்கு வந்தார். அவளுடைய அம்மா சந்திரகலா, விருந்தாளிக்கென்று வைத்திருந்த பீங்கான் கோப்பையில் காபி கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஆலோர், மத்மொசேல்" என்று பிரெஞ்சில் மரியாதையாகக் கூப்பிட்டு ஆரம்பித்தார். "பாரிஸ்ல என் பேங்க்காரன் போன் பண்றான். எல்லாம் சீப்பா கெடக்கு, இப்ப போடுங்கறான். நீ இன்னா சொல்ற?"

பூர்ணிமா கண்ணைச் சுருக்கினாள். "கொஞ்சம் பொறுங்க மாமா."

"எவ்ளோ நாளு?"

"நான் சொல்றேன்."

அவர் மிகுந்த திருப்தியோடு எழுந்து போனார். அவருக்கும் பங்கு வாங்குகிற எண்ணம் உண்மையில் இருக்கவில்லை. வாங்காமல் இருப்பதற்கு ஒரு நிபுணரின் பெயர் தேவைப்பட்டது, அவ்வளவுதான். அதன் பிறகு கடற்கரை நடையில் பார்ப்பவரிடமெல்லாம், "என் ஆளு பொறுக்கச் சொல்லியிருக்கு" என்றார். வெறுமனே பொறுத்திருந்த பல குடும்பங்கள், இப்போது பூர்ணிமாவின் சொல்படி பொறுத்திருக்க ஆரம்பித்தன. ஒருவர் வீட்டுக்கு மாம்பழக் கூடைகூட அனுப்பினார்.

மே மாதம் தேர்தல் முடிவு வந்தது. அடுத்த திங்கட்கிழமை சந்தை திறந்த சில நொடிகளிலேயே, ஒரு நாளில் ஏற அனுமதித்த மேல் வரம்பை முட்டியது. வியாபாரத்தையே நிறுத்திவிட்டார்கள். மறுநாள் காலை ஜான்-பத்திஸ்த் வாசலில் நின்றார். இந்தத் தடவை செருப்பைக் கழற்றவில்லை.

"உன்னால எனக்குப் பன்னண்டு லட்சம் போச்சு."

"உங்க பணம் பேங்க்லயே பத்திரமாத்தான மாமா இருக்கு?"

"இருக்கு. அதாம்மா பிரச்சன. அது ஏன் இன்னும் அங்கியே இருக்கு?"

சந்திரகலா உள்ளே இருந்து வந்தாள். "நீங்க எவ்ளோ போடறதா இருந்தீங்க?"

"எவ்ளோ வேணா போட்டிருப்பேன்" என்றார் அவர். வாங்காத பங்கின் வாராத லாபத்துக்காக ஒரு முன்னாள் சிப்பாய் கண் கலங்கியதைத் தெருவே நின்று பார்த்தது. பார்த்தவர்களும் அவரவர் நஷ்டத்தைக் கணக்குப் போட்டார்கள். சாயங்காலத்துக்குள் கருவடிக்குப்பத்தில் பூர்ணிமாவால் அழிந்த சொத்தின் மதிப்பு, கருவடிக்குப்பத்தின் மொத்த மதிப்பைத் தாண்டியிருக்கும். மாம்பழம் அனுப்பியவர் கூடையைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பினார்.

அன்றிரவு அவள் அழுதாள். பரீட்சைக்குக்கூடச் சரியாகத் திறக்காத பாடப்புத்தகத்தை மறுநாள் எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தாள். பீட்டா பத்தாம் பாடத்தில் இருந்தது. ஒரு மதியத்தில் புரிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று எரிச்சலாக வந்தது. முழுப் புத்தகத்தையும் முடித்தபோது, தான் ஜெயித்ததும் தோற்றதும் ஒரே காரணத்தால்தான் என்று தெளிவாகத் தெரிந்தது. அந்தக் காரணத்துக்குப் புத்தகத்தில் பெயர் இல்லை. வீட்டில் அதைச் சோம்பல் என்பார்கள்.

ஜூலையில் கல்லூரி அவளை அழைத்தது. புதிய வகுப்பு மாணவர்களுக்கு முன்னாள் மாணவி வழிகாட்டுகிறாள் என்று நிகழ்ச்சி. சந்தை மறுபடி ஏறிக்கொண்டிருந்ததால் புருஷோத்தமன் மறுபடி டை கட்டியிருந்தார். பூர்ணிமா இந்தத் தடவை எதையும் மறைப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு மேடை ஏறினாள்.

"நான் ஒண்ணும் ஜெயிக்கல. எனக்குப் பாடம் புரியல. புரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதனால வாரா வாரம் பாத்துட்டு இருக்கேன்னு சொன்னேன். அப்புறம் தெருவுல எல்லாரும் கேட்டப்ப, தெரிஞ்ச மாதிரி பேசுனேன். நான் பேசுனத நம்பாதீங்க. புஸ்தகத்தப் படிங்க."

அரங்கில் கைதட்டல் தொடங்கியது. முதல்வர் எழுந்து நின்று தட்டினார். புருஷோத்தமன் மைக்கை வாங்கினார். "பாத்தீங்களா? எவ்ளோ உயரத்துக்குப் போனாலும் அடக்கம். முதலீட்டுல மொதல் பாடம் இதுதான். எழுதிக்கங்க."

மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். அந்த வருடப் போட்டியில் பாதி வகுப்பு அவளைப் பின்பற்றி எதையும் வாங்கவில்லை. தீபாவளிக்குள் சந்தை நன்றாக ஏறிவிட்டது. வாங்காதவர்களுக்கு இனி மதிப்பெண் இல்லை என்று புருஷோத்தமன் புதிய விதி போட்டார்.

அதற்குள் பூர்ணிமா ஒரு பங்குத் தரகு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, வெளியேயும் வந்துவிட்டாள். பழைய பத்திரிகைச் செய்தியைப் பார்த்துத்தான் எடுத்தார்கள். வேலை எளிது. போன் போட்டு, வாங்குங்கள் என்று சொல்ல வேண்டும். வாங்கியவரிடம் விற்கச் சொல்ல வேண்டும். வாங்கினாலும் விற்றாலும் அலுவலகத்துக்குக் கமிஷன். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் எல்லாவற்றையும் விற்று ஒரே பங்கில் போடலாமா என்று கேட்டார். பூர்ணிமா கால் மணி நேரம் செலவழித்து, கூடாது, ஏன் கூடாது என்று விளக்கினாள். இந்தத் தடவை தெரிந்துகொண்டுதான் சொன்னாள். மேலாளர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ சொன்னது ரொம்பக் கரெக்ட்டும்மா" என்றார். "ஆனா அந்தம்மா சும்மா இருந்தா நமக்கு இன்னா கெடைக்கும்?"

அந்த மாதச் சம்பளத்தோடு நின்றுகொண்டாள்.

இப்போது மிஷன் வீதியில் கன்னியப்பனின் எலக்ட்ரிக்கல் கடையில் கணக்கு எழுதுகிறாள். கன்னியப்பன் மாலைப் பத்திரிகை படிப்பதில்லை. அவளை யாரென்று கேட்டதும் இல்லை. சம்பளத்தில் ஒரு பகுதியை மாதாமாதம் ஒரு பரஸ்பர நிதியில் போடுகிறாள். ஏறினாலும் போடுகிறாள், இறங்கினாலும் போடுகிறாள். வீட்டில் சொல்லவில்லை. யாரும் தன்னிடம் எதையும் கேட்காத ஒரு இடம் இத்தனை சுகமாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. மதியத்தில் கடை ஓய்ந்த நேரம் முதலீட்டுப் புத்தகம் ஏதாவது படித்துக்கொண்டிருப்பாள்.

"இன்னாம்மா தடியா படிக்கிற?" என்று கன்னியப்பன் ஒரு நாள் கேட்டார்.

"கணக்குதாங்க."

"நல்லதுதான். அந்த வைத்திக்குப்பத்துக்காரரு ஃபேனுக்கு நிக்கறாரு, பில் போட்டுட்டுப் படி."

புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் பில் போட்டாள்.