சாலைக்கு அந்தப் பக்கத்துக் குழாய்

போன செவ்வாய்க்கிழமை காலை. என் நண்பன் சேசுராஜ் வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தான். அதில் என்ன அதிசயம்? புதுக் குழாயைத் திறந்துவிட்டுத் தேய்த்தான். நான் பார்க்க வேண்டும் என்றே தேய்த்தான்!

"என்னவே ஊராட்சி! குடத்தைக் கொண்டா. கார்ப்பரேஷன் தண்ணி, சும்மா பிடிச்சுக்க."

போனேன். வயிறு எரிந்தது. எவனோ பங்களா கட்டினால் தாங்கிக்கொள்ளலாம். நமக்குத் தண்ணீர் லாரி வராத அன்று எதிர்வீட்டுக் குழாய் கொட்டினால்...?

எங்கள் இருவர் வீட்டுக்கும் நடுவில் இருப்பது உப்பளத்துச் சாலை மட்டும்தான். சுற்றுப்புற ஊராட்சிகளை மாநகராட்சியோடு சேர்த்து அரசாணை வந்தபோது அவன் ஊர் உள்ளே போனது. என் ஊர் வெளியே நின்றது.

காரணம்? நானேதான்.

வேம்பாரில் உப்பு வாரினேன், துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன், லாரியில் கிளீனராக ஊர் சுற்றினேன். படிப்பு ஆறாம் வகுப்பு. ஆனாலும் மனு எழுத ஊரில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மாநகராட்சியில் சேர்ந்தால் நூறு நாள் வேலை போய்விடும் என்று கிராமசபையில் பெண்கள் அழுதார்கள். எழுதினேன். ஊரே கையெழுத்துப் போட்டது. அதிகாரிகள் எங்களை விட்டுவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு மாலை வேறு!

குடம் நிறைவதற்குள் சேசுராஜின் மனைவி மரியா வெளியே வந்தாள். சாலையில் என் மனைவி மண்வெட்டியோடு நூறு நாள் வேலைக்குக் குளத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். மரியாவின் கண் அந்த மண்வெட்டியை விட்டு நகரவில்லை.

"மைனிக்கு வேலை இருக்கு. எனக்குக் குழாய்தான் இருக்கு. தண்ணியக் குடிச்சுட்டே பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட முடியுமாண்ணே? எங்களையும் பழையபடி ஊராட்சியாக்கச் சொல்லி ஒரு மனு எழுதித் தாங்க."

"ஏளா, கிறுக்கு பிடிச்சிருக்கா ஒனக்கு?" நுரை வாயோடு கத்தினான் சேசுராஜ்.

நான் குடத்தை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் — ஒரே மூச்சு. என் ஊருக்குக்கூட அவ்வளவு உருக்கமாக எழுதியதில்லை.

"நல்ல மனசுண்ணே ஒங்களுக்கு" என்றாள் மரியா. கண் கலங்கியிருந்தது.

சாயங்காலம் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் மண்வெட்டியைக் கழுவியபடி கேட்டாள்: "அவ குழாயும் போச்சுன்னா, நாளைக்குக் குடத்தை எங்கன கொண்டு வைக்கப் போறீய?"

அட... வயிற்றெரிச்சல் இதையெல்லாம் யோசித்தா மனு எழுதுகிறது?