பாகூர் ஏரியில் இறங்கிய விமானம்

யுத்தம் முடிந்துவிட்டதால் இதை இனி எழுதலாம். யுத்த காலத்தில், ஓர் ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு என்னைப் பாகூருக்கு அனுப்பினார்கள். நான் சென்னையில் விமான ஃபிட்டர். இரட்டை இறக்கைப் பயிற்சி விமானம் ஒன்று, இன்ஜின் மக்கர் செய்ததால் வறண்டு கிடந்த பாகூர் ஏரிக்குள் இறங்கியிருந்தது. இன்ஜினுக்குப் பொறி கொடுக்கும் மேக்னெட்டோ போய்விட்டது. மழை பிடித்து ஏரி நிரம்பினால் விமானமும் போய்விடும். அதற்குள் கிளப்பிவிடலாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்தத் தொழிலில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அப்போதும் சொல்வேன், இப்போதும் சொல்வேன்.

போகிறவர்களுக்கு வழி சொல்லிவிடுகிறேன். எழும்பூரில் இரவு ரயில் ஏறினால் விடியும்போது திருப்பாதிரிப்புலியூர். ஸ்டேஷன் வாசலிலேயே மாட்டு வண்டி கிடைக்கும். பாகூருக்குச் சுமார் ஏழு மைல், வாடகை ஒரு ரூபாய். பேரம் பேசினால் குறையும்; நான் பேசவில்லை. பெண்ணையாற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பிரெஞ்சு எல்லை. அங்கே சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் என் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு ஸ்பேனரையும் முகர்ந்து பார்க்காத குறையாகப் பார்த்துவிட்டு விட்டார். பெட்டியில் எதைக் கொண்டுபோனாலும் பொறுமையையும் கூடவே கொண்டுபோங்கள்.

வண்டிக்காரர் முனுசாமி, பாகூரில் நெல் பயிரிடுகிறவர். விமானம் இறங்கியதிலிருந்து ராத்திரிக் காவலும் அவர்தானாம். விமானி குடகுக்காரர், மீசை அரும்பிய வயது. இறக்கை நிழலில் உட்கார்ந்து, ஊரார் கொடுத்த கரும்பைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அன்றே மேக்னெட்டோவை மாற்றினேன். முனுசாமி பக்கத்திலேயே நின்று, "இது இன்னாபா, அது இன்னாபா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கேட்பவர் இருந்தால் நான் பேசுவேன். இறக்கைகளுக்கு நடுவே உள்ள கம்பில் விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்த குழாயைக் காட்டி, "அண்ணே, விமானத்தோட மூக்கு இதுதான். முன்னால வர்ற காத்து இது வழியா உள்ளே போகும். அதை வெச்சுத்தான் எவ்வளவு வேகமா போறோம்னு முள் காட்டும். இது இல்லேன்னா விமானிக்கு உசிரு இல்லே" என்றேன். பிறகு அதற்குத் துணி உறையை மாட்டிவிட்டுச் சத்திரத்துக்குப் போய்ப் படுத்தேன்.

ஆயுத பூஜை அன்று விடிந்ததும் போய்ப் பார்த்தால் விமானம் முழுக்கச் சந்தனப் பொட்டு, குங்குமம். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். ஏர் கலப்பைக்கும் வண்டிக்கும் செய்வதை இதற்கும் செய்திருந்தார்கள். விமானி சிரித்தார். எனக்கும் சிரிப்புத்தான். ஆனால் கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. விமானி இன்ஜினைக் கிளப்பினார், நல்ல சத்தம். கடைசியாக உறையைக் கழற்றினேன். குழாயின் வாய் தெரியவில்லை. சந்தனம் அடைத்துக் கல்லாகக் காய்ந்திருந்தது.

கையை ஆட்டி இன்ஜினை நிறுத்தச் சொன்னேன். அப்படியே கிளம்பியிருந்தால் வேகம் தெரியாமல் ஏரிக்கரையில் மோதியிருப்பார். யார் செய்தது என்று கத்தினேன்.

"நாந்தாம்பா" என்றார் முனுசாமி. "மத்ததுக்கெல்லாம் பொட்டு வெச்சாங்க. அதுக்குத்தான் உசிருன்னு நீ சொன்னியேன்னு, நான் நெறையா வெச்சிட்டு உறைய மறுபடி மாட்டிட்டேன். எம்புள்ள பிரெஞ்சுப் பட்டாளத்துல கீறான். சைகோன்ல ஏரோப்ளேன் வேலைக்கு ஆளா நிக்கிறான். சண்டை வந்ததுலேர்ந்து ஒரு சேதியும் இல்ல. இதுக்குச் செஞ்சா அவனுக்கும் சேரும்னு நெனச்சேன்."

 கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

குச்சி விட்டுக் குத்தினால் சந்தனம் உள்ளே போய்விடும். குழாயைக் கழற்றினேன். முனுசாமி ஓடிப்போய், பூஜைக்குப் பொங்கல் வைத்த அடுப்பிலிருந்து வெந்நீர் கொண்டுவந்தார். தூறல் விழுந்தது. ஏரி மண் களிமண். நன்றாக நனைந்தால் சக்கரம் புதைந்துவிடும். வெந்நீரில் ஊறவைத்து, பின்பக்கமிருந்து ஊதி, திரும்ப மாட்டி, முன்னால் நின்று மெதுவாக ஊதினேன். "முள் அசையுது" என்றார் விமானி, தன் குடகுத் தமிழில்.

முனுசாமி என் தோளைத் தொட்டார். "எல்லாத்தையும் தொடச்சிட்டியாபா?"

"இல்லேண்ணே, குழாயை மட்டுந்தான்."

சேற்றை வாரி இறைத்துக்கொண்டு ஓடி, கரைக்கு மேலே ஒரு பனை உயரத்தில் விமானம் எழும்பியது, மற்ற பொட்டுகளோடு. ஊரே கை தட்டியது. முனுசாமி தட்டவில்லை. "அங்க எம்புள்ளைக்கும் உன்ன மாதிரி பாத்து நிறுத்தறவன் ஒருத்தன் இருந்தா போதும்" என்றார்.

பாகூர் போகிறவர்கள் ஐப்பசி பிறப்பதற்குள் போய்விடுங்கள்; அதன்பின் வண்டிப் பாதை சகதி. சத்திரத்தில் படுக்க இடம் உண்டு, கொசுவும் உண்டு. சைகோனிலிருந்து ஆட்கள் திரும்பத் தொடங்கிவிட்டதாகச் சொல்கிறார்கள். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் வாசலில் முனுசாமி வண்டி கிடைத்தால் அதிலேயே ஏறுங்கள். மகன் வந்துவிட்டானா என்று கேட்டு, எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். எனக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை.