வெட்டாத குலை

ஏரல் அருகே பஸ் பஞ்சர். இறங்கி, முன்பு வந்துபோன வாழைத்தோட்டத்துக்கு நடக்கிறேன். வெளிநாட்டு உதவியில் வந்த பம்புசெட் அதே சத்தத்தோடு ஓடுகிறது. அதில் ஒட்டிய அந்நாட்டுக் கொடிக்கும் சந்தனப் பொட்டு. ஏழு வருஷத்துக்கு முன், அதைக் கொடுக்க வந்த வெள்ளைக்காரர் முதல் தண்ணீரில் சட்டையோடு நனைந்து சிரித்தார். அவர் பேச்சைத் தமிழில் சொல்ல வந்தவன் நான்.

தோட்டக்காரர் சுடலைமுத்து என் கையைப் பிடித்துக்கொள்கிறார். எல்லா வாழையும் வெட்டியாயிற்று. ஒரு குலை மட்டும் பழுத்துத் தொங்க, கிளிகள் கொத்துகின்றன.

"இதை ஏன் விட்டுட்டீங்க அண்ணாச்சி?"

"அது தொரைக்குள்ளது. வருசாவருசம் ஒண்ணு விட்டு வைக்கேன். அடுத்த வெட்டுக்கு வாரேன்னு சொன்னாருல்லா?"

வெள்ளைக்காரர் அப்படிச் சொல்லவில்லை. அண்ணாச்சி அழைத்தபோது வெறுமனே தலையை ஆட்டிச் சிரித்தார். மனம் கேளாமல் "வருவாராம்" என்றது நான்தான்.

பஸ் ஹாரன் அடிக்கிறது.

"அடுத்த வருசமாவது வருவாரா?"

"வருவார் அண்ணாச்சி" என்கிறேன், மறுபடியும்.